பதினொரு மாத அறை

அன்புள்ள சுண்டெலிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம், அப்பாவின் வலது முழங்கால் மட்டும் எங்களோடு ஒட்டாமல் தனியாக முறுக்கிக்கொண்டு நிற்கிறது, மற்றபடி வீட்டில் எல்லாம் நல்லபடி. நீயும் சளி இருமல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொண்டுதான் மேலே எழுதுகிறேன், இன்னும் சாப்பிடவில்லை என்றால் இதை மூடி வைத்துவிட்டுப் போய் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வா, கடிதம் எங்கேயும் ஓடிப்போகாது. வேலைக்குப் போகிற பெண்ணை இன்னும் சுண்டெலி என்று எழுதலாமா என்று அப்பா கேட்கிறார். பல் செட் செய்கிற லேபிலிருந்து நான் வீட்டுக்குக் கொண்டுவந்த ரோஸ் நிற மெழுகுத் தகட்டை ஓரம் ஓரமாகக் கொறித்து வைத்தவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பதாம், அதுவும் அந்தப் பெயரை வைத்ததே அவர்தான். போன வாரம் போனில் ஒரு கேள்வி கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா, "வாரத்துல மூணு நாள் வீட்ல இருந்துதான வேலை பாக்கறேன், கூட வேலை செய்யறவ மொத்த வாடகையையும் ஆபீஸ் செலவுன்னு வரிக் கணக்குல காட்டிட்டாளாம், நானும் காட்டவாம்மா" என்று. அப்போதே பதில் சொல்லியிருப்பேன், ஆனால் நான் வாயைத் திறந்தவுடன் உனக்கு இன்னொரு அழைப்பு வந்துவிடும், போனில் சொன்னது காற்றோடும் போய்விடும். எழுதினால் கையில் இருக்கும். அதோடு இங்கே உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒரு சங்கதியும் இருக்கிறது, அதைச் சொன்னால்தான் உன் கேள்விக்குப் பதில் வரும். பதறாதே, யாரையும் பிடித்துக்கொண்டு போகவில்லை. முழுக்கப் படி, நடுவில் போனை எடுக்காதே.

சங்கதி இதுதான், வரி அலுவலகத்திலிருந்து எங்களுக்குக் கடிதம் வந்தது. வீட்டின் ஒரு பகுதியைத் தொழிலுக்குப் பயன்படுத்துவதாகச் சொல்லி வாடகைக்கும் மின்சாரத்துக்கும் வரிக் கழிவு வாங்கியிருக்கிறீர்கள், கடைசி மூன்று வருஷக் கணக்கை நேரில் வந்து சரிபார்க்க வேண்டும், ரசீதுகளை எடுத்து வையுங்கள், இன்ன தேதிக்கு வருகிறோம் என்று எழுதியிருந்தது. அப்பா அதை நின்றபடி ஒரு முறை படித்தார், பிறகு உட்கார்ந்து ஒரு முறை படித்தார், பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை. அத்தனை பெரிய தண்ணீர் லாரியைச் சந்து பொந்தெல்லாம் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போன மனிதர், ஒரு காகிதத்துக்கு அவருக்கு வியர்த்துவிட்டது. நான் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு கணக்குப் போட உட்கார்ந்தேன். அந்த அறைக்கான கழிவு செல்லாது என்று அவர்கள் சொல்லிவிட்டால் மூன்று வருஷத்துக்கும் சேர்த்து வரியைக் கட்ட வேண்டும், அதன்மேல் வட்டி, அதன்மேல் அபராதம். அதைக் கட்ட வேண்டுமானால் பல் செட்டுக்கு மெருகேற்றுகிற பாலிஷ் மோட்டாரை விற்க வேண்டும், மோட்டார் போனால் வீட்டில் வேலை போச்சு, மறுபடியும் அந்தப் பழைய லேபுக்கே போய் நாள் முழுக்க நின்றுகொண்டு யாரோ ஒருவருக்குக் கீழே பல் செட் செய்ய வேண்டும். அங்கே நான் வேலையை விட்ட அன்று முதலாளி என்ன சொன்னார் என்பது உனக்குத் தெரியும், "எங்க போகப்போறீங்க, திரும்பி வருவீங்க" என்றார். அந்த ஆள் முகத்தில் திரும்பப் போய் முழிப்பதைவிட நான் பட்டினி கிடப்பேன்.

அந்த அறை எது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, உன் அறைதான். நீ வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன பிறகு காலியாகக் கிடந்ததே என்று அதில்தான் மேசையைப் போட்டேன். இப்போது நீ பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது, ஜன்னல் ஓரத்தில் வேலை மேசை, அதன் மேல் மோட்டார், நீ புத்தகம் அடுக்கின அலமாரியில் மேல் தட்டு முழுக்கப் பிளாஸ்டர் அச்சுகள், ஊரில் பாதிப் பேருடைய பல்வரிசை அங்கே நின்று இளித்துக்கொண்டிருக்கும். இதற்கு இங்கே இருக்கிற விதி என்னவென்றால், வேலைக்கு மட்டுமே பயன்படுகிற அறையாக இருந்தால் அதன் அளவுக்குக் கழித்துக்கொள்ளலாம், அதிலேயே படுப்போம் அதிலேயே வேலை செய்வோம் என்றால் ஒரு பைசா கிடையாது. நான் முதல் வருஷமே வரி அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்று, அங்கே இருந்த பெண்ணிடம் நாலு முறை திருப்பித் திருப்பிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன், அந்தப் பெண் கடைசியில் என்னைப் பார்த்தாலே பெருமூச்சு விட ஆரம்பித்துவிட்டாள். வீட்டுக்கு வந்து அப்பாவை டேப்பின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி அறையை அளந்தேன், முழு வீட்டையும் அளந்தேன், அது வீட்டில் ஆறில் ஒரு பங்கு வந்தது. உன் மடக்குக் கட்டில் பிளாஸ்டர் மூட்டைக்குப் பின்னால் சுவரோடு சாய்ந்து நிற்கிறது இல்லையா, அது நிற்கிற இடம் வேலைக்கு இல்லையே, அதனால் அந்த ஒரு சாண் அகலத்தை அளவில் சேர்க்காமல் விட்டுவிட்டேன். அப்புறம் உன்னுடைய மாதம். வருஷக் கடைசி மாதம் நீ லீவில் வருவாய் என்று மேசையைச் சமையலறைக்கு மாற்றிவிட்டு உன் கட்டிலை விரித்துவிடுவோம், அந்த ஒரு மாதம் அது வேலை அறை இல்லை, உன் அறை. அப்படியிருக்கப் பன்னிரண்டு மாதத்துக்கும் கழிவு கேட்டால் அது பொய். ஆகவே ஒவ்வொரு வருஷமும் படிவத்தில் பதினொன்று என்றுதான் போட்டு வந்தேன். கடைசி மூன்று வருஷமும் அப்படியேதான். நீ கடைசி மூன்று வருஷம் வரவில்லை என்பது வேறு விஷயம், நீ பார்க்கலாம்மா பார்க்கலாம்மா என்று சொல்லிக்கொண்டே இருந்தாய், நாங்களும் மேசையை நகர்த்திவிட்டு இருந்தோம். அந்த மாதம் முழுக்க ஓர் அடுப்பில் அப்பாவுக்கு டீ கொதிக்கும், பக்கத்து அடுப்பில் யாரோ ஒரு பெரியவருடைய கீழ்த்தாடை அச்சு கொதிக்கும். அப்பா ஒரு முறை மாற்றி ஊற்றப் பார்த்தார். இதையெல்லாம் குறையாக எழுதவில்லை, கணக்கு எப்படி வந்தது என்பதற்காக எழுதுகிறேன்.

வரிக் கடிதம் வந்த செய்தி உன் சித்தப்பாவின் காதுக்கு எப்படித்தான் எட்டியதோ, அன்று சாயங்காலமே வந்து உட்கார்ந்துவிட்டார். அவர் தன் வீட்டு முன்னறையில் ஜெராக்ஸ் மெஷின் போட்டிருக்கிறார் என்பது உனக்குத் தெரியும், அவருடைய வரிக் கணக்கைப் பார்த்தால் அவர் குடும்பமே அந்த மெஷினுக்காகத்தான் பிறந்ததுபோல் இருக்கும். வீடு முழுக்க ஆபீஸ், கார் ஆபீஸ் கார், போன வருஷம் எல்லோருமாகக் கடற்கரைக்குப் போய் வந்தது தொழில் பயணம், நாய்க்கு வாங்கிப்போடும் பிஸ்கட் காவல் செலவு. அவர் என் கணக்கை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஊர்ல எல்லாரும் பன்னண்டுனு போடும்போது நீங்க மட்டும் பதினொண்ணுன்னு போட்டா ஏன்னு பாக்கத்தான் அண்ணி வருவாங்க, உண்மையை எழுதி நீங்களா மாட்டிக்கிட்டீங்க" என்றார். புது ஃப்ரிட்ஜை ஏன் போடவில்லை, அதில் மெழுகு வைக்கிறேன் என்று சொன்னால் போதுமே என்றார். மெழுகு வைக்கிறேன்தான், வெண்ணெய்க்குப் பக்கத்தில் ஒரு சின்ன டப்பா, அதற்காக முழு ஃப்ரிட்ஜையும் பல் செட் கணக்கில் எழுதினால் உள்ளே இருக்கிற முட்டைக்கோஸ் என்னைப் பார்த்துச் சிரிக்கும். அதையெல்லாம் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் போகும்போது வாசலில் நின்று அவர் சொன்ன ஒன்று மட்டும் அப்பாவின் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. "அந்தக் கட்டிலை மட்டும் எங்கயாச்சும் தூக்கிப் போட்டுடுங்கண்ணே, கட்டிலைப் பாத்தாங்கன்னா இது படுக்கை அறைன்னு ஒரே போடா போட்டு மூணு வருஷத்தையும் அடிச்சுடுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் அப்பாவிடம் தெளிவாகச் சொன்னேன், கட்டில் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், கேட்டால் கட்டில் என்று சொல்வோம், அது என்ன வெடிகுண்டா என்று. சரி சரி என்று தலையை ஆட்டினார். அவர் அவ்வளவு சுலபமாகத் தலையை ஆட்டினால் நான் உஷாராகியிருக்க வேண்டும். அதிகாரி வருகிற அன்று காலையில் ரசீதுகளை நகல் எடுக்க நான் தெருமுனைக் கடைக்குப் போனேன், சித்தப்பாவின் கடைக்குப் போகவில்லை, போனால் ஆலோசனையும் சேர்த்துக் கொடுப்பார். திரும்பி வந்து பார்த்தால், கீழ் வீட்டுக்காரரிடம் கட்டிலைக் கொடுத்து வைக்கலாம் என்று அப்பா அதைத் தூக்கிக்கொண்டு இறங்கி, பாதிப் படிக்கட்டில் முழங்கால் பிடித்துக்கொண்டு, மேலேயும் போக முடியாமல் கீழேயும் போக முடியாமல், கட்டிலைக் கட்டிப் பிடித்தபடி சுவரோடு ஒட்டி நிற்கிறார். கோபம் எனக்கு உச்சிக்கு ஏறிவிட்டது, ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் திட்டவும் வாய் வரவில்லை, வலியில் வெளுத்துப்போயிருந்தார். நான் கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். அப்போது எனக்குப் பின்னால் ஒருவர், "கொஞ்சம் விடுங்க மேடம், அந்தப் பக்கம் நான் பிடிக்கறேன்" என்று பையைத் தோளில் தூக்கி மாட்டிக்கொண்டு வந்து பிடித்தார். கீழேயா மேலேயா என்று கேட்டார். மேலே என்றேன். கட்டிலை நானும் அவருமாகத் தூக்கிக்கொண்டு வந்து உன் அறையில் பழைய இடத்தில் சாய்த்து வைத்தோம், அப்பா பின்னால் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். உதவிக்கு வந்தவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டேன். வரி அலுவலகத்திலிருந்து வருகிறேன் என்றார்.

அப்பா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதர் தண்ணீரைக் குடித்துவிட்டு, கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு, கட்டிலைப் பார்த்து, இது எதற்குக் கீழே போயிற்று என்று சாதாரணமாகக் கேட்டார். அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம், பழுது பார்க்கப் போகிறது என்றால் முடிந்தது. சுண்டெலி, நான் அந்த நேரத்தில் பயந்ததுபோல் எந்த நேரத்திலும் பயந்ததில்லை. ஆனால் ஒரு பொய்யைச் சொன்னால் அது நிற்பதற்கு இன்னொன்றைக் கொண்டுவந்து முட்டுக் கொடுக்க வேண்டும், எனக்கு அவ்வளவு ஞாபக சக்தி கிடையாது. உங்கள் கண்ணில் படாமல் மறைக்கத்தான் என் வீட்டுக்காரர் கொண்டுபோனார், எனக்குத் தெரியாமல் கொண்டுபோனார், இது எங்கள் மகளுடைய கட்டில், எப்போதும் இந்தச் சுவரில்தான் நிற்கும் என்று அப்படியே சொல்லிவிட்டேன். அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா, "ஆமா சார், நான்தான் சார், அவங்க வேண்டாம்னுதான் சொன்னாங்க" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டே சொன்னார். அவர் பையிலிருந்து டேப்பை எடுத்தார்.

அறையை அளந்தார், சமையலறையை அளந்தார், என் கணக்கில் இருக்கிற அளவையும் பார்த்தார், ஒரு சாண் குறைகிறதே என்றார். அது கட்டில் நிற்கிற இடம், அதை நான் சேர்க்கவில்லை என்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். மோட்டாரைப் போடச் சொல்லிப் பார்த்தார், அலமாரியைத் திறந்தார், அத்தனை பற்களும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்ததும் ஓர் அடி பின்னால் போனார். அப்போது லேசாகச் சிரித்தார், மேல் வரிசையில் இடது பக்கம் ஒரு பல் இல்லை, கையால் வாயை மூடிக்கொண்டார். பாவம், இன்னும் சின்ன வயதுதான். அப்பாவும் அதைக் கவனித்துவிட்டார், ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், நான் முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டார். அந்த நேரத்தில் பல் கட்டித் தருகிறோம் என்று ஒரு வார்த்தை சொன்னால் லஞ்சம் கொடுக்கப் பார்த்தார்கள் என்று அதையும் சேர்த்து எழுதிவிடுவார்கள். அப்பா ஸ்கூட்டரில் பல் ஆஸ்பத்திரிகளுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கிற தூரக் குறிப்பை அதிகாரி வாங்கிப் பார்த்தார், அதில் திரும்பும் வழியில் தக்காளி வாங்கச் சுற்றிப்போன தூரத்தை நான் அடித்திருந்தேன். தக்காளியா என்று கேட்டார், தக்காளி என்றேன்.

பிறகு உட்கார்ந்து, அவர் எதற்கு வந்தாரோ அதைக் கேட்டார். ஏன் பதினொன்று. ஒரு மாதம் இந்த அறையில் வேலை செய்வதில்லை, மேசை சமையலறைக்குப் போய்விடும் என்றேன். ஏன் போகும் என்றார். மகள் வருவாள் என்றேன். மூன்று வருஷமும் வந்தார்களா என்று கேட்டார். அவர் கேட்டது சாதாரணமாகத்தான், பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார். அப்பாதான் சொன்னார், "வர்றதா இருந்துச்சு சார்" என்று. மூன்று வருஷமுமா என்றார். மூன்று வருஷமும் என்றார் அப்பா. நான் மோட்டாரின் ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், அணைந்துதான் இருந்தது. வந்து உட்கார்ந்ததும் அவர் சொன்னார், மேசை சமையலறையில் இருந்த மாதத்துக்கு இந்த அறைக்குக் கழிவு கேட்காதது சரிதான், ஆள் வந்தாலும் வராவிட்டாலும் இங்கே வேலை நடக்கவில்லை, பதினொன்று சரி என்று. ஆனால் போன் கணக்கில் தப்பு இருக்கிறது என்றார். பாதி தொழில், பாதி வீடு என்று போட்டிருந்தேன், மகளோடு பேசுகிறோமே என்று. அவர் பில்லைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினார், எல்லாம் ஆஸ்பத்திரி நம்பர்தான், வெளிநாட்டு நம்பர் அங்கொன்று இங்கொன்று. "நீங்க வீட்டுக்குன்னு பாதி விட்டிருக்கீங்க மேடம், அவ்வளவு பேசலையே, இல்லாததைப் போடறதும் தப்பு, உங்களுக்கு உரியதை விடறதும் கணக்குப்படி தப்புதான்" என்று சொல்லி அதைத் திருத்தி, எங்களுக்குக் கொஞ்சம் பணம் திரும்ப வரும்படி எழுதிக் கொடுத்தார். தணிக்கைக்கு வந்தவர் கையால் பணம் வாங்கின ஆள் இந்தத் தெருவில் நான் ஒருத்திதான் இருப்பேன். ஆனாலும் அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இல்லை. நாம் அதிகம் பேசிக்கொள்வதில்லை என்று எனக்குத் தெரியாதா, தெரியும், ஆனால் அதை ஒரு வெளியாள் எண்ணிக் காட்டியபோது வலித்தது. சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன், எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். மொத்த வாடகையையும் காட்டாதே. உன் வீட்டில் இருப்பது ஒன்றரை அறை, அந்த அரையில்தான் மேசை இருக்கிறது, அந்த மேசையில்தான் நீ சாப்பிடுகிறாய், மடிக்காத துணியும் அதன்மேல்தான் கிடக்கிறது, வீடியோவில் பேசும்போது உன் பின்னால் தெரிகிறது. அது ஆபீஸ் இல்லை, எந்த அதிகாரியும் அதை ஆபீஸ் என்று ஒத்துக்கொள்ள மாட்டார். உன் ஊர் விதி வேறாக இருக்கும், அதை அந்த ஊர் வரி அலுவலகத்திலேயே கேள், கூட வேலை செய்கிறவள் சொல்வது விதி ஆகாது, நாளைக்கு உனக்குக் கடிதம் வந்தால் அவள் வந்து பக்கத்தில் உட்கார மாட்டாள். வேலைக்கென்றே வாங்கின நாற்காலியைத் தாராளமாகக் காட்டு, அது உனக்கு உரியது, கூச்சப்பட்டு விட்டுவிடாதே. இன்டர்நெட்டில் வேலைக்கு எவ்வளவு, நீ சினிமா பார்ப்பதற்கு எவ்வளவு என்று மனசறியப் பிரி. கடைகளில் கொடுக்கிற வழவழப்பான ரசீது நாலு மாதத்தில் வெள்ளைக் காகிதம் ஆகிவிடும், வாங்கின அன்றே போட்டோ எடுத்து வை, எனக்கு ஒரு வருஷத்துப் பிளாஸ்டர் ரசீது அப்படித்தான் அழிந்துபோய் அதைக் காட்ட முடியாமல் விட்டேன். எல்லாம் உருண்டை எண்ணாக வந்தால் சந்தேகம் வரும், உண்மைச் செலவு ஒருநாளும் அப்படி அழகாக வராது. கடிதம் வந்தால் பிரிக்காமல் டிராயரில் போடாதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. கேட்டதற்கு மட்டும் பதில் சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல், தப்பு நடந்திருந்தால் அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நீயே போய்த் திருத்து. முக்கியமாக, யார் சொன்னாலும் கட்டிலை மாடியிலிருந்து இறக்காதே.

உன் சித்தப்பா வீட்டுக்கும் போன வாரம் ஆள் வந்தார்கள், அதையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் அவரே உனக்குப் போன் செய்து வேறு மாதிரிச் சொல்வார். கார், கடற்கரை எல்லாம் அடிபட்டுவிட்டது, தவணையில் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். காவல் செலவு என்று எழுதியிருக்கிறீர்களே, காவல்காரர் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள், வந்தவர்களைப் பார்த்துப் பயந்து அந்த நாய் ஜெராக்ஸ் மெஷினுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டதாம், போகிறவரைக்கும் வெளியே வரவில்லையாம். பாவம், மனுஷன் இரண்டு நாள் சாப்பிடவில்லை, நான் போய் உட்கார்ந்து அவருடைய இந்த வருஷக் கணக்கை முதலிலிருந்து எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். திட்டாமல் எழுதவில்லை, திட்டிக்கொண்டேதான் எழுதினேன். அவரும் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டார்.

இனி இந்த வருஷம். அடுத்த மாதம் வருஷக் கடைசி மாதம், அது முடிந்ததும் படிவத்தை நிரப்ப வேண்டும். அதிகாரி போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, இந்த வருஷம் எத்தனை மாதம் மேடம் என்று கேட்டார், சும்மா பேச்சுக்குக் கேட்டார் என்றுதான் நினைக்கிறேன். நானும் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் போன பிறகு அப்பாவிடம் சொல்லிவிட்டேன், இந்த வருஷம் மேசையை யாரும் தொடக் கூடாது என்று. அவருடைய முழங்கால் இருக்கிற இருப்பில் அந்த மேசையைத் தள்ள முடியாது, அதோடு நம்பிக்கையில் மேசையைத் தள்ளிவிட்டு ஒரு மாதம் யாரோ ஒருவருடைய தாடையோடு சேர்த்துச் சமைத்துக்கொண்டிருக்க எனக்கும் இனித் தெம்பில்லை. சரி என்று தலையை ஆட்டினார். மறுநாள் நான் பல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வருவதற்குள் மேசையின் நாலு காலுக்கும் சக்கரம் மாட்டியிருந்தார். என்ன இது என்றால், கீழே கூட்டுவதற்கு வசதியாக இருக்குமே என்றார். இத்தனை வருஷமாக அந்த மேசைக்கு அடியில் பிளாஸ்டர் தூசி கிடக்கிறது, ஒருநாளும் அது அவர் கண்ணை உறுத்தியதில்லை. ஒரு விரலால் தள்ளினால் போதும், சமையலறை வரைக்கும் போய்விடுகிறது, நானும் ஒரு முறை தள்ளிப் பார்த்தேன். இப்போது சக்கரம் வாங்கின ரசீதை எங்கே எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. கூட்டுவதற்காக என்றால் அது தொழில் செலவு, கழித்துக்கொள்ளலாம். உனக்காக என்றால் அது வீட்டுச் செலவு, கழிக்க முடியாது. ரசீதைப் போட்டோ எடுத்துவிட்டேன், காகிதத்தை ஆணியில் குத்தித் தொங்கவிட்டிருக்கிறேன்.

வா என்று நான் கட்டாயப்படுத்தவில்லை. வேலை இருக்கும், லீவு கிடைக்காது, டிக்கெட் விலை எனக்குத் தெரியும். வர முடியாது என்றால் முடியாது என்று எழுது, நான் பன்னிரண்டு என்று போடுகிறேன், அதில் எனக்குக் கொஞ்சம் லாபம்தான், கோபித்துக்கொள்ள மாட்டேன், அப்பா இரண்டு நாள் பேசாமல் இருப்பார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். வருகிறாய் என்றால் வருகிறேன் என்று எழுது, மேசையைத் தள்ளிவிட்டுக் கட்டிலை விரிக்கிறேன், பதினொன்று என்று போடுகிறேன். இரண்டும் உண்மைதான், எதையும் தயங்காமல் போடுவேன். பார்க்கலாம்மா என்று மட்டும் எழுதிவிடாதே, நான் படிவத்தை மேலிருந்து கீழ்வரை நன்றாகப் பார்த்துவிட்டேன், அதை எழுதுவதற்கு அதில் இடமே இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், கழுத்தைக் குனிந்து வேலை செய்யாதே, நாற்காலி ரசீதைப் பத்திரமாக வை. நீ தொட்டதெல்லாம் நல்லபடி நடக்கட்டும், யாருக்கும் பயந்து ஒளியாமல் நிமிர்ந்து இருக்கிற வாழ்வு உனக்கு அமையட்டும். அப்பா தன் அன்பையும் சேர்த்து எழுதச் சொல்கிறார், அந்தப் பக்கம் மேசையை உருட்டுகிற சத்தம் கேட்கிறது.

உன் பதிலுக்காக ஆணியில் ஒரு ரசீதை மாட்டி வைத்திருக்கும்,
அம்மா